எழுதின கை

என் பெரியப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். அரசலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், ஓட்டு வீடு, வாசலில் திண்ணை. மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாரானால் லேசில் நிறுத்தமாட்டார். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், யூரியா மூட்டை என்ன விலை, பேரன் கணக்கில் எவ்வளவு மார்க்கு என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டைக் காலால் தள்ளி, அது 'டடக்' என்று சத்தம் போட்டால் போதும், பேச்சு அறுந்துவிடும். வாக்கியத்தின் நடுவில், சில சமயம் வார்த்தையின் நடுவிலேயே. இரண்டு விநாடிதான். முகத்தில் ஒன்றும் தெரியாது. திண்ணை விளிம்பைப் பிடித்திருக்கிற விரல்கள் மட்டும் வெளுக்கும். பிறகு, "என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?" என்பார்.

இருபது வருஷமாக இதைப் பார்த்து வருகிறேன். வயசானவர்களுக்கு ஏதோ ஒரு பழக்கம் இருக்கும் அல்லவா, அதில் ஒன்று என்று நினைத்துவிட்டேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவராகவே சொன்னார்.

"எங்க அப்பா வர்ற சத்தம்டா தம்பி அது. ஒரே உதையில ஸ்டாண்டு நின்னா அன்னிக்குக் குடிக்கல. ரெண்டு மூணு தடவை உதைச்சா குடிச்சிருக்காரு. ஸ்டாண்டே போடாம சைக்கிள் சுவத்துல மோதி விழுந்தா, கொல்லைப்பக்கமா ஓடிடணும். ஏழு வயசுல அந்தப் பாடத்துல நான் நூத்துக்கு நூறு."

அவர் அப்பா என்றால் என் தாத்தா. நெல் அரவை மில்லில் மூட்டை தூக்கினவர். அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த காலம், 1971 வரையில் இருந்தது. ஆனாலும் ஆற்றுப் படுகையில் கிடைக்கிறது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. தாத்தா போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. சைக்கிள் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. கேட்டுக்கொண்டிருந்த காது மட்டும் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

குழந்தைகளைப் பற்றி நம்மிடையே ஒரு சமாதானம் உண்டு. "அதுக்கு என்ன தெரியும், மறந்துடும்." எழவு வீட்டில் சொல்கிறோம், அடித்துவிட்டுச் சொல்கிறோம், தாயும் தகப்பனும் பிரிந்துபோகிற வீட்டிலும் சொல்கிறோம். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. அப்படி நம்பினால்தான் பெரியவர்களுக்குத் தூக்கம் வருகிறது. குழந்தையும் நம் மனம் கோணாமல் மறந்த மாதிரி விளையாடப் போய்விடுகிறது.

இந்த விஷயத்தை என் தலையில் போட்டது பெரியப்பாவின் மகன். எனக்கு அண்ணன் முறை. சென்னையில் இருக்கிறான். தகப்பனாரோடு பத்து வருஷமாகச் சரியாகப் பேச்சு வார்த்தை இல்லை. காரணம் ரகசியமல்ல, ஊருக்கே தெரியும். தாத்தாவிடம் வாங்கினதையெல்லாம் பெரியப்பா இவனிடம் இறக்கினார். முழங்காலுக்குக் கீழே பிரம்பின் கோடு இன்னும் இருக்கிறது. இவன் எங்கேயோ எதையோ படித்துவிட்டு ஒரு நாள் ராத்திரி எனக்குப் போன் செய்தான். "தம்பி, சின்ன வயசில அடிபட்டா மூளையே மாறிப்போயிடுதாம்டா. படம் பிடிச்சே காட்டறாங்க. அப்பா மேல தப்பில்ல. அவரால வேற மாதிரி இருந்திருக்கவே முடியாது. ஊருக்குப் போயி அவர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கேன்." அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்க்கத்தான் நானும் படிக்க ஆரம்பித்தேன்.

கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். என் விஞ்ஞானம் கதைக்காரனின் விஞ்ஞானம்தான். ஆகையால் எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூளையைப் பழைய நாள் கிராமமாக வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு தலையாரி, ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு நாட்டாண்மைக்காரர். தலையாரிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அமிக்டலா. வாதுமைப் பருப்பு அளவுதான் இருக்கிறது. ஆபத்து என்று பட்டதும் தப்பட்டை அடிப்பது அதன் வேலை. கணக்குப்பிள்ளை ஹிப்போகாம்பஸ். கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். என்ன நடந்தது, எங்கே, எப்போது என்று ஏட்டில் பதிகிறவர். நாட்டாண்மைக்காரர் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளை. "சும்மா இருடா, அது பாம்பில்லை, கயிறு" என்று தலையாரியை அடக்குகிறவர். இந்த மூவரில் நாட்டாண்மைக்காரர்தான் கடைசியாக வளர்ந்து ஆளாகிறவர். இருபத்தைந்து வயதுவரைகூட அவருடைய வளர்ச்சி முடிவதில்லை என்கிறார்கள்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் ராத்திரி முழுவதும் கரையைச் சுற்றி வருவார்கள். லாந்தரும் மண்வெட்டியும் மணல் மூட்டையுமாக ஊரே விழித்திருக்கும். அது நல்லதுதான், ஊர் பிழைப்பதே அதனால்தான். உடம்பும் அப்படித்தான் செய்கிறது. பயம் வந்ததும் கார்ட்டிசால் முதலான சுரப்புகளைப் பாய்ச்சி ஆளை விழிப்பாக வைக்கிறது. ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்றால் பாதகமில்லை. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வெள்ளம் என்றால்? தலையாரி தூங்குவதையே மறந்துவிடுகிறான். இலை அசைந்தால் தப்பட்டை. கணக்குப்பிள்ளையின் ஏடு நனைந்து ஊறிவிடுகிறது. சின்ன வயதில் கொடுமைக்கு ஆளானவர்களைப் பெரியவர்களான பிறகு படம் பிடித்துப் பார்த்ததில், அந்தக் கடல்குதிரை மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் சராசரியில் சிறுத்திருப்பதைப் பல ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். கோபமுகப் படம், பயந்தமுகப் படம் எதையாவது காட்டினால் தலையாரி மற்றவர்களுக்கு அடிப்பதைவிட உரக்க அடிக்கிறான். நாட்டாண்மைக்காரரின் குரல் அவன் காதுக்கு எட்டுவதில்லை. நனைந்த ஏட்டில் தேதி அழிந்துவிட்டது. ஆகவே 1964-இல் விழுந்த அடி 1964-இலேயே முடிந்துபோயிற்று என்பது தலையாரிக்குத் தெரியாது.

அமெரிக்காவில் மார்ட்டின் டைஷர் என்று ஒரு மனநோய் மருத்துவர் இதிலேயே பல வருஷங்களைச் செலவிட்டிருக்கிறார். அவர் சொல்கிற ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சேதம் என்று மட்டும் பார்க்காதே, அபாயமான உலகத்தில் பிழைப்பதற்காக மூளை செய்துகொண்ட ஏற்பாடு என்றும் பார் என்கிறார். பெரியப்பாவின் காதை நினைத்துக்கொண்டேன். அந்தக் காது இல்லாவிட்டால் ஏழு வயதுப் பையன் கொல்லைப்பக்கமாக ஓடித் தப்பியிருக்க முடியாது. கெட்டுப்போன காது அல்ல அது, மிக நன்றாக வேலை செய்த காது. வேலை முடிந்துவிட்டது என்று அதற்குச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

இன்னொருவர் வின்சென்ட் ஃபெலிட்டி. கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரத்து டாக்டர். உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சை நடத்தி வந்தார். 1980-களின் நடுவில் அவருக்கு ஒரு விநோதம் கண்ணில் பட்டது. எடை குறையாதவர்கள் சிகிச்சையை விட்டுப் போனால் நியாயம். நன்றாகக் குறைந்து வருகிறவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்ததில், பலருடைய குழந்தைப் பருவத்தில் சொல்லக் கூடாத சம்பவங்கள் இருந்தன. நாம் வியாதி என்று நினைத்த பருமன் அவர்களுக்குக் கோட்டைச் சுவராக இருந்திருக்கிறது. சுவர் இடிய ஆரம்பித்ததும் பயந்துவிட்டார்கள். பிறகு ராபர்ட் ஆண்டா என்பவரோடு சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய பால்யத்தைப் பற்றிக் கேட்டார். முதல் முடிவுகள் 1998-இல் வந்தன. அடி, ஏச்சு, தகாத தொடுகை, குடிகாரர் இருக்கும் வீடு, தாய் அடிவாங்குவதைப் பார்த்தது என்று இந்த மாதிரி இனங்களில் நான்கும் அதற்கு மேலும் அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைவிடக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை அதிகமாக இருந்தன. இவர்கள் சேரியிலும் தெருவோரத்திலும் கிடந்தவர்கள் அல்ல. இன்ஷூரன்ஸ் கட்டி, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சாதாரணக் குடும்பத்து மனிதர்கள்.

அண்ணன் இதையெல்லாம் என்னைவிட முன்னாலேயே படித்துவிட்டான். சொன்னபடியே ஊருக்கும் வந்தான். நானும் கூடப் போனேன். திண்ணையில் தகப்பனாருக்குப் பக்கத்தில், பத்து வருஷத்துக்குப் பிறகு, உட்கார்ந்து நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினான். கடைசியில், "அதனால உங்க மேல எனக்குக் கோபம் இல்லப்பா. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்க மூளை அப்படி" என்றான்.

பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அழுவாரோ என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"டேய், சைக்கிள் சத்தம் கேட்டா உடம்பு நடுங்குதே, அது என் கையில இல்ல. ஒத்துக்கிறேன். உன்னை அடிச்ச பிரம்பு என் கையிலதான் இருந்துச்சு. அதையும் மூளைகிட்ட குடுத்துட்டா, அப்புறம் நான்னு ஒரு ஆளு எங்கடா இருக்கேன்? மாடா நானு?"

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. மன்னிப்பை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தவனிடம் தட்டைத் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கோ, இத்தனை நாள் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது இன்னதென்று அப்போதுதான் புரிந்தது.

நமக்குத் தலையெழுத்து என்று ஒன்று உண்டு. பிரம்மா மண்டையோட்டின் மேல் எழுதுகிறான் என்பது நம்பிக்கை. எலும்புகள் சேருகிற தையல் கோடுகளைக் காட்டி, 'இதோ பார் எழுத்து' என்று சொல்வார்கள். சின்ன வயதில் ஒரு மயானக் காவலாளி எனக்கே காட்டியிருக்கிறார். இப்போது விஞ்ஞானிகள் வந்து, எழுத்து ஓட்டுக்கு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்கிறார்கள். அண்ணன் பிரம்மாவை இறக்கிவிட்டு அமிக்டலாவை ஏற்றி உட்கார வைத்துவிட்டான். கும்பிடு மட்டும் அதேதான். 'அவரால் வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது' என்கிற வாக்கியம் மன்னிப்பு போலக் கேட்கிறது. உண்மையில் அது அப்பீலே இல்லாத தீர்ப்பு. ஒரு மனிதனைப் பார்த்து, உனக்கும் மாட்டுக்கும் வித்தியாசமில்லை, ஆகையால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று சொல்வதில் என்ன தயை இருக்கிறது?

ஆராய்ச்சியும் அண்ணன் நினைத்த அளவுக்குப் போகவில்லை. அந்த மடங்குக் கணக்கெல்லாம் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. தனி ஆள் ஒருவரைப் பிடித்து, உனக்கு எண்ணிக்கை ஆறு, ஆகையால் உன் கதி இதுதான் என்று சொல்ல அது உதவாது. ஃபெலிட்டியோடு கூட இருந்து அந்தக் கணக்கைப் போட்ட ஆண்டாவே 2020-இல் இதை எச்சரித்து எழுதினார். அடிபட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிற்காலத்தில் தம் குழந்தைகளை அடிக்கிறவர்களாக ஆகிவிடுவதில்லை என்பதும் ஆராய்ச்சி கண்டதுதான். இதில் என் போன்ற கதைக்காரர்களின் பாவமும் கொஞ்சம் உண்டு. வில்லனை எழுதிவிட்டு, அவன் ஏன் இப்படி என்று வாசகர் கேட்பதற்கு முன்னால் அவசரமாக ஒரு பிளாஷ்பேக்கைப் போடுகிறோம். தகப்பன் அடித்தான், சித்தி சோறு போடவில்லை, தீர்ந்தது. நானும் இரண்டு நாவல்களில் செய்திருக்கிறேன். எந்த நாவல் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் பெரியப்பா சொன்னதோடு விஷயம் தீர்ந்துவிடவில்லை. நடுக்கம் ஒன்று, பிரம்பெடுத்த கை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. மனிதன் என்று ஒருவன் இருந்தால் அந்த இடைவெளியில்தான் இருக்கிறான். எனக்கு அது நாலு முழ இடைவெளி. நாட்டாண்மைக்காரர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர நேரம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு அது இரண்டு அங்குலம். அந்த இரண்டு அங்குலத்துக்குள்ளும் பொறுப்பு தன்னுடையது என்கிறார். அது அவருடைய கௌரவம், அதை நான் அவரிடமிருந்து பிடுங்கமாட்டேன். ஆனால் நாலு முழத்தை இரண்டு அங்குலமாகக் குறுக்கியது யார் என்ற கேள்வி அவருடையதல்ல. அது நம்முடையது. இங்கேதான் பழைய தலையெழுத்துக்கும் இதற்கும் வித்தியாசம். பிரம்மாவைக் கூண்டில் ஏற்ற முடியாது. இந்த எழுத்தை எழுதினவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பெயரும் ஊரும் உண்டு.

எங்கள் வீட்டில் அது தாத்தா. அவரோடு நிற்கிறதா என்றால் நிற்காது. தாத்தா சிறுவனாக இருந்தபோது ஒரு மிராசுதாரின் மாட்டுக்கொட்டிலில் வேலை. அவருடைய அப்பா அங்கே பண்ணையாள். நாற்று நடவுக்கு ஒரு நாள் தாமதமாக வந்த குற்றத்துக்காக அப்பாவைக் கட்டி வைத்துச் சாட்டையால் அடித்து, சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்ததை மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு பையன் பார்த்திருக்கிறான். சவுக்கடியும் சாணிப்பாலும் கீழத்தஞ்சையில் கட்டுக்கதை அல்ல. பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சங்கம் வைத்ததே அதற்கெதிராகத்தான். தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. சட்டம் பண்ணையாளின் நிலையைத்தான் பேசியது, மாட்டுக்குப் பின்னால் நின்ற பையனைப் பற்றி அதில் ஒன்றும் இருக்க நியாயமில்லை. அவன் வளர்ந்து, சைக்கிள் வாங்கி, வீட்டுக்கு வந்து ஸ்டாண்டை உதைத்தான்.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973-இல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. அந்த ராத்திரி வயலில் ஓடி ஒளிந்து பிழைத்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்கள் தலைக்குள் எழுதியிருப்பதைக் கோர்ட்டு படிக்கவில்லை.

மிராசுதார், பண்ணையாள், பழைய கதை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். பழையதல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலை, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். கீழே சத்துணவுச் சமையலில் பற்றின நெருப்பு மாடிக் கீற்றுக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைகள். எனக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. அன்று சாயங்காலம் எங்கள் ஊருக்குப் போன டவுன்பஸ்ஸில் கண்டக்டர்கூட வாய் திறந்து டிக்கெட் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார்கள். தமிழ்நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளை இறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. வழக்கு நடந்து 2014 ஜூலை 30-ஆம் தேதி தஞ்சாவூர்க் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. வருஷா வருஷம் ஜூலை 16 அன்று பெற்றவர்கள் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துக்கொண்டு நிற்பதைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். போனவர்களை மறக்காமல் இருக்கிறது ஊர். நான் நினைப்பது அன்றைக்குப் படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டவர்களை. அவர்களுக்கு இன்று முப்பதை ஒட்டிய வயது. எத்தனை பேர் தாயாகவும் தகப்பனாகவும் ஆகியிருப்பார்கள்! தோலில் பட்ட தீக்காயத்துக்கு டாக்டர் சதவீதம் போட்டு எழுதித் தருகிறார். காயமே படாமல் வெளியே வந்துவிட்ட குழந்தையை நாம் என்ன செய்தோம்? 'புண்ணியம் பண்ணினது' என்று சொல்லித் திருஷ்டி சுற்றிப் போட்டோம். பக்கத்து பெஞ்சுக்காரி வரவில்லை, தான் வந்துவிட்டோம் என்பதைப் புண்ணியமாக ஏற்றுக்கொள்ளும்படி எட்டு வயதுக் குழந்தையிடம் சொன்னோம். கூரைகளைச் சோதித்துப் பார்த்த மாதிரி ஒரு சோதனை இந்தப் பக்கத்துக்குக் கிடையாது. அடுப்புப் புகை வாடை வந்தால் அவர்களில் யாருக்காவது பேச்சு நடுவில் அறுந்துபோகலாம். பக்கத்தில் இருப்பவர்கள் அதை ஒரு பழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள், நான் பெரியப்பாவைப் பற்றி நினைத்த மாதிரி.

அதே வருஷம் டிசம்பர் 26-இல் கடல் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அந்தச் சமயம் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து வேலை செய்தார்கள். மாத்திரை கொடுத்ததைவிட, உள்ளூர் ஆட்களைத் தயார் செய்ததுதான் பெரிய காரியம். பிள்ளைகளோடு உட்கார், விளையாடவிடு, படம் போடச் சொல், சொல்ல வந்தால் கேள், வராவிட்டால் தோண்டாதே. கேட்பதற்கு இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று தோன்றும். தலையாரிக்குத் தப்பட்டையைக் கீழே வைக்கக் கற்றுக்கொடுப்பதற்கு இதைவிட வேறு வழியை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

எழுதினதை அழிக்க முடியுமா? இதற்குப் பதில் ருமேனியாவிலிருந்து வருகிறது. அங்கே செளஷெஸ்குவின் ஆட்சியில் ஜனத்தொகையைப் பெருக்குவதற்காகக் கருச்சிதைவைத் தடை செய்தார்கள். வளர்க்க முடியாத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அநாதை விடுதிகளை நிரப்பின. 1989-இல் அந்த ஆட்சி விழுந்தபோது உலகம் உள்ளே எட்டிப் பார்த்தது. சோறு உண்டு, தொட்டில் உண்டு, தூக்குகிற கை இல்லை. 2000-இல் ஆரம்பித்து சில அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் புகாரெஸ்ட் நகர விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டுப் பாதிப் பேரை வளர்ப்பு வீடுகளில் சேர்த்தார்கள். வீடு கிடைத்த குழந்தைகளுக்குப் புத்தி வளர்ந்தது, மூளையின் மின்னோட்டமும் மற்றக் குழந்தைகளுடையதை நோக்கி நகர்ந்தது. ஆனால் இரண்டு வயதுக்குள் வீடு கிடைத்தவர்களுக்கே பலன் அதிகம். சீட்டு விழாத பாதியை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அது வேறு தர்மசங்கடம், இங்கே அதைத் தொடப்போவதில்லை.

டெல்டாக்காரனுக்கு இது புரியும். மேட்டூர் திறப்பு ஜூன் 12-ஐத் தாண்டித் தள்ளிப்போய், முன்கூட்டி விட்ட நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப்போன வருஷங்கள் உண்டு. முற்றின நாற்றைப் பிடுங்கி நட்டால் பிடிக்காமல் போவதில்லை, பிடிக்கிறது. ஆனால் இளநாற்று மாதிரித் தூர் கட்டுவதில்லை. அதற்காக யாராவது வயலைத் தரிசு போடுகிறார்களா? குத்துக்கு இரண்டு நாற்று கூட வைத்து, நெருக்கி நடுகிறார்கள்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழியை நம் ஊரில் பிரம்பெடுக்கிறவர்கள்தான் அதிகமாகச் சொல்கிறார்கள். ஐந்தில் எல்லாம் வளையும் என்பது வாஸ்தவம். எந்தப் பக்கம் வளைகிறது என்பதைத்தான் அவர்கள் கவனிப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே தடுத்துவிட்டது. வீட்டுக்குள் நாம்தான் சட்டம். 'சும்மா ரெண்டு தட்டு' என்கிறோம். 2021-இல் வந்த ஹார்வர்ட் ஆராய்ச்சி ஒன்றில், கொடுமை என்று சொல்ல முடியாத அந்த இரண்டு தட்டு வாங்கின குழந்தைகளின் மூளைகூடப் பயந்தமுகப் படங்களைக் கண்டு அதிகமாகக் கிளர்ந்தது.

என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் பாதிக்கதைதான். அவர் பெரியப்பாவின் தம்பி. அதே வீடு, அதே சைக்கிள். என்னை அவர் கை நீட்டி அடித்ததே கிடையாது. ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரையில் ஒரு ஆராய்ச்சி தொடர்ந்து பார்த்தது. வறுமை, குடி, சண்டை எல்லாம் நிறைந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாகவே தேறினார்கள். அப்படித் தேறினவர்களுக்குப் பெரும்பாலும் தகப்பனோ தாயோ இல்லாவிட்டாலும் பாட்டி, வாத்தியார், அடுத்த வீட்டுக்காரி என்று யாராவது ஒருவர் மாறாமல் இருந்திருக்கிறார்கள். என் தகப்பனாருக்கு அவருடைய அப்பாயி இருந்தாள். சைக்கிள் சத்தம் கேட்டதும் சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாளாம். இடுப்பில் ஒரு குழந்தைக்குத்தான் இடம். பெரியவனுக்கு ஏழு வயது, தூக்கிப் போகிற வயதைத் தாண்டிவிட்டான்.

தகப்பனாரைச் சாது என்று ஊர் சொல்லிற்று. நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகுதான் சில விஷயங்கள் நினைவுக்கு வருகின்றன. ராத்திரி மூன்று தடவை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். கடைக்காரன் தப்பாகக் கணக்குப் போட்டால் திருத்தமாட்டார், கொடுத்துவிட்டு வந்துவிடுவார். யாராவது குரலை உயர்த்தினால் சிரித்துக்கொண்டே அறையை விட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்பு பொறுமையா, எதிர்ச்சாரி வீட்டுக்கு ஓடுகிற குழந்தையா என்று இப்போது என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அண்ணன் அன்று சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்புகிறேன் என்றான். பெரியம்மா விடவில்லை. ராத்திரி இலை போடும்போது பெரியப்பா அவனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அடிச்சது தப்புடா" என்றார். அண்ணன் "சரிப்பா" என்றான். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நானும் பெரியப்பாவும் திண்ணையில் இருந்தோம். லீவுக்கு வந்திருந்த பேரன் தெருக்கோடியிலிருந்து சைக்கிளில் பறந்து வந்து, வாசலில் நிறுத்தி, ஸ்டாண்டை உதைத்தான். டடக். பேச்சு நின்றது. நான் அவர் விரல்களைப் பார்த்தேன்.

பையன் உள்ளே போன பிறகு, "அவன்கிட்டே வேணா சொல்லிடட்டுமா, சைக்கிளைச் சுவத்துல சாத்தி வைக்கச் சொல்லி?" என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். "ஸ்டாண்டே போடட்டும். சத்தம் கேட்டுத் திரும்பிப் பாக்கறேன்ல, இப்பல்லாம் இவன்தான நிக்கறான்."

உள்ளேயிருந்து பையன், "தாத்தா, முறுக்கு டப்பா எங்க?" என்று கத்தினான். மேல் அலமாரியில் என்று சொல்லிவிட்டு, மேட்டூர் நீர்மட்டத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.